சுத்தமான எண்ணெய்தான், ஆனால் மிளகில் இருக்கக் கூடாது

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் வீட்டிலேயே மசாலா பொட்டலம் போட்டு விற்கிறேன். ஏற்காட்டு மிளகு என்று சொன்னதால் ஒரு மண்டியில் 50 கிலோ வாங்கினேன். உணவுப் பாதுகாப்பு அலுவலர் மாதிரி எடுத்துப் போனார். மினரல் ஆயில் (கச்சா எண்ணெயிலிருந்து எடுக்கும் எண்ணெய்) இருப்பதாக இப்போது அறிக்கை வந்திருக்கிறது. மண்டிக்காரரோ, "குழந்தைக்குத் தடவுற எண்ணெய்தாம்மா, பளபளப்புக்குப் போடுறது, ஒண்ணும் ஆகாது" என்கிறார். என்னை ஜெயிலில் போடுவார்களா?

பதில்: அம்மா, அறிக்கை உங்கள் கைக்கு வந்த தேதியை முதலில் குறித்து வையுங்கள். அன்றிலிருந்து 30 நாளுக்குள் உணவுப் பாதுகாப்புத் துறையின் மாவட்ட நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் ஏற்றால் மாதிரியின் இன்னொரு பகுதி மேல்நிலை ஆய்வகத்துக்குப் போகும். அங்கே வரும் முடிவே இறுதி. மண்டிக்காரரோடு பேசிக்கொண்டே இந்த 30 நாளைத் தொலைத்துவிடாதீர்கள்.

அப்புறம், அவர் சொல்லும் சமாதானம். பேபி ஆயிலில் பெரும்பகுதி மினரல் ஆயில்தான், உண்மை. நன்றாகச் சுத்திகரித்தால் அது லிக்விட் பாரஃபின், மலச்சிக்கலுக்கு மருந்தாகவும் கொடுப்பார்கள். சரியாகச் சுத்திகரிக்காத எண்ணெயோ புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. உங்கள் மிளகில் இருப்பது இதில் எது என்று மண்டிக்காரருக்கே தெரியுமா? முதல் ரகம் என்றே வைத்துக்கொள்வோம். மிட்டாய் ஒட்டாமலிருக்க உணவுத் தர மினரல் ஆயிலை 0.2 சதவீதம் வரை சட்டம் அனுமதிக்கிறது. மிளகுக்கான தர விதியோ மினரல் ஆயில் இருக்கவே கூடாது என்கிறது. எண்ணெய் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இது மாறாது. 2012 கடைசியில் கொச்சிக் கிடங்குகளில் ஆயிரக்கணக்கான டன் மிளகுக்கு சீல் வைத்ததும் இதே காரணத்தால்தான்.

சரி, ஜெயில் விஷயம். அறிக்கையின் முடிவில் 'தரம் குறைந்தது' என்று எழுதியிருக்கிறதா, 'பாதுகாப்பற்றது' என்றா? முதலாவது என்றால் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 51-ஆம் பிரிவு. மாவட்ட வருவாய் அலுவலர் விசாரித்து அபராதம் விதிப்பார். உச்சவரம்பு 5 லட்சம், சிறை கிடையாது. தெரிந்து செய்ததா, திரும்பத் திரும்ப நடந்ததா, லாபம் எவ்வளவு என்று பார்த்துத்தான் தொகையை முடிவு செய்வார். இரண்டாவது என்றால் 59-ஆம் பிரிவு, குற்றவியல் நீதிமன்றம், சிறைக்கும் வழி உண்டு. அப்படி இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளாமல் வழக்கறிஞரைப் பாருங்கள்.

மண்டி பில் இருக்கிறதா? துண்டுச் சீட்டாக இருந்தாலும் பத்திரப்படுத்துங்கள். 26-ஆம் பிரிவின்படி, விற்றவர் தந்த பில்லே சரக்கின் தரத்துக்கு அவர் எழுதிக் கொடுத்த உத்தரவாதமாகக் கொள்ளப்படும். பொட்டலத்தில் உங்கள் பெயர் இருப்பதால் இது உங்களை முழுதாக விடுவிக்காது. ஆனால் அவரையும் வழக்குக்குள் இழுக்கும். "வாங்கும்போது என்ன பார்த்தீர்கள்?" என்று உங்களையும் கேட்பார்கள். கையில் தேய்த்து முகர்ந்தால் மண்ணெண்ணெய் வாடை வருகிறதா என்று பார்ப்பது வழக்கம். நன்கு சுத்திகரித்த பாரஃபினுக்கு அந்த வாடையே இருக்காது, அதனால் மூக்கை மட்டும் நம்ப முடியாது. காப்பித் தோட்டத்து சில்வர் ஓக் மரத்தில் படர்ந்து, வெயிலில் காய்ந்த மிளகு சுருங்கி மங்கலாகத்தான் இருக்கும். பளபளவென்று மின்னினால் வாங்காதீர்கள்.

பணத்தைத் திரும்பப் பெற நுகர்வோர் ஆணையத்துக்கு அலையாதீர்கள். விற்பதற்காக வாங்கியவரை அந்தச் சட்டம் நுகர்வோராகப் பார்க்காது. 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டப்படி அவருக்கு நோட்டீஸ் அனுப்புங்கள். தராவிட்டால் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகலாம், 3 ஆண்டு அவகாசம் இருக்கிறது.

மீதி மிளகை விற்கவும் வேண்டாம், கொட்டிவிடவும் வேண்டாம், தனியே கட்டி வையுங்கள். எந்தக் கடைக்கு எத்தனை பொட்டலம் போனது என்று இன்றே எழுதி, அவற்றைத் திரும்ப எடுங்கள். அது யாரோ ஒருவர் வீட்டு ரசத்துக்குப் போகிற மிளகு.