பிலிமிலிருந்து டிஜிட்டலுக்கும் திரும்பவும்: கேள்வி பதில்

வந்த கேள்விகளில் பெரும்பாலானவை வேகச் சிக்கலைப் பற்றியவை. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: சார், பழைய டெலிசினி டேப் (பிலிமை வீடியோவாக மாற்றிப் பதிந்தது) ஒன்றை எடிட்டுக்கு எடுத்திருக்கிறேன். ஒவ்வொரு பிரேமாக நகர்த்திப் பார்த்தால் மூன்று பிரேம் தெளிவாக இருக்கிறது, இரண்டில் சீப்புப் பல் போலக் கோடுகள். டேப் கெட்டுவிட்டதா?

பதில்: டேப்புக்கு ஒன்றும் ஆகவில்லை, அது புல்டவுன். பிலிமில் வினாடிக்கு 24 பிரேம், அமெரிக்கா, ஜப்பான் போன்ற நாடுகளின் பழைய தொலைக்காட்சி முறையான என்டிஎஸ்சி வீடியோவில் 29.97. ஒரு வீடியோ பிரேமுக்குள் இரண்டு ஃபீல்டு உண்டு: ஒன்றில் ஒற்றைப்படை வரிகள், மற்றதில் இரட்டைப்படை வரிகள். கணக்கு சரியாக வருவதற்காக டெலிசினி ஒரு பிலிம் பிரேமை 2 ஃபீல்டிலும், அடுத்ததை 3 ஃபீல்டிலும் மாற்றி மாற்றிப் பதியும். இப்படி 4 பிலிம் பிரேம் 10 ஃபீல்டாகி, 5 வீடியோ பிரேமாகிவிடும். பிலிம் பிரேம்களை ஏ, பி, சி, டி என்று வைத்துக்கொண்டால் டேப்பில் இருப்பது ஏஏ, பிபி, பிசி, சிடி, டிடி. நடுவில் வரும் பிசி, சிடி இரண்டும்தான் நீங்கள் பார்த்த கோட்டுக்காரர்கள்.

இதைப் பார்த்ததும் பலர், இரண்டு ஃபீல்டை ஒரே முழுப்படமாக்கும் டீஇன்டர்லேஸ் ஃபில்டரைப் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அது வரிகளைத் தூக்கி எறியும், அல்லது இரண்டு படத்தையும் கலந்து மங்கலாக்கும். உங்களுக்கு வேண்டியது, புல்டவுனைத் திருப்பிப் பிரிக்கும் இன்வர்ஸ் டெலிசினி. அதில் பழைய 4 பிரேமும் முழுசாகத் திரும்பக் கிடைக்கும், வேகம் 29.97-ல் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 23.976 ஆக இருக்கும். ஒரே ஒரு தொல்லை: டேப்பிலேயே எடிட் நடந்திருந்தால் ஒவ்வொரு கட்டிலும் அந்த வரிசை உடைந்திருக்கும். மென்பொருள் தானாகக் கண்டுபிடிக்கும் என்று நம்பி விட்டுவிடாமல், கட் கட்டாகச் சரிபாருங்கள்.

கேள்வி: அண்ணா, 24 பிரேமில் ஷூட் செய்த ரோல், லேப் 23.976-ல் மாற்றிக் கொடுத்தது. தனியாகப் பதிவு செய்த ஒலி தொடக்கத்தில் சிங்க்கில் இருக்கிறது, போகப் போக முந்துகிறது.

பதில்: படம் 0.1 சதவீதம் மெதுவாகிவிட்டது, ஒலி அப்படியே இருக்கிறது. பத்து நிமிட ரோலின் முடிவில் 0.6 வினாடி, அதாவது சுமார் 14 பிரேம் விலகல். ஒலியை அங்கங்கே வெட்டி நகர்த்தாதீர்கள். முழு ஒலியையும் அதே 0.1 சதவீதம் மெதுவாக்கினால் போதும்.

கேள்வி: தொலைக்காட்சிக்காக 25 பிரேமில் கொடுத்த படத்தில் பாடல்களின் சுருதி ஏறியிருக்கிறதாமே?

பதில்: ஏறத்தான் செய்யும். 24-ஐ 25-ல் ஓட்டினால் 4 சதவீத வேகம் கூடும். 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடிந்துவிடும். சுருதி, ஒரு அரைச்சுரத்தில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக ஏறும். பேச்சில் பலர் கவனிக்க மாட்டார்கள், பாடலில் பிடிபட்டுவிடும். சுருதியை மட்டும் இறக்கும் கருவிகள் இருக்கின்றன. காதால் கேட்டு உறுதி செய்யுங்கள்.

கேள்வி: ஸ்கேன் செய்து வந்த நெகட்டிவ் சாயம் போனதுபோல் வெளிறிக் கிடக்கிறது. லேப் ஏமாற்றிவிட்டதா?

பதில்: இல்லை, நல்ல லேப் அப்படித்தான் கொடுக்கும். அது லாக் பதிவு, அதாவது நெகட்டிவில் உள்ள முழு ஒளி வித்தியாசத்தையும் சுருக்கி அடக்கும் முறை. கோடாக் கொண்டுவந்த சினியான் முறையில், 10 பிட்டின் 0 முதல் 1023 வரையிலான எண்களில் கறுப்பு 95-ல் இருக்கும், வெள்ளை 685-ல். அதற்கு மேலே மிச்சமிருப்பது ஜன்னல் வெளிச்சம், விளக்கு போன்ற அதிபிரகாசத்துக்கான இடம். பார்ப்பதற்கு லுட் (நிறத்தை மாற்றிக் காட்டும் அட்டவணை) போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அதைக் கோப்பிலேயே பதித்துவிடாதீர்கள். பதித்துவிட்டால் டிஐ-யில், அதாவது டிஜிட்டலில் நிறம் திருத்தும் கட்டத்தில், கலரிஸ்ட்டுக்குக் கை ஓடாது.

கேள்வி: 2கே ஸ்கேனுக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

பதில்: 2048×1556 அளவில் 10 பிட் டிபிஎக்ஸ் (பிரேமுக்கு ஒன்றாகச் சேமிக்கும் படக் கோப்பு) என்றால் ஒரு பிரேம் சுமார் 12.7 எம்பி. ஒரு மணி நேரம் கிட்டத்தட்ட 1.1 டெராபைட். 4கே என்றால் நான்கு மடங்கு. இரண்டு பிரதிகள் வைப்பீர்கள் என்று நம்புகிறேன், அதையும் கணக்கில் சேருங்கள்.

கேள்வி: கறுப்பு வெள்ளைப் பிரிண்டில் கீறல்கள். இன்ஃப்ராரெட் முறையில் நீக்கலாமா?

பதில்: முடியாது. கறுப்பு வெள்ளையில் பிம்பமே வெள்ளித் துகள்தான். அது இன்ஃப்ராரெட்டையும் மறைப்பதால் கீறல் எது, படம் எது என்று ஸ்கேனருக்குத் தெரியாது. வெட் கேட், அதாவது பிலிமைத் திரவத்தில் நனைத்து ஸ்கேன் செய்யும் முறையைக் கேளுங்கள். திரவம் பள்ளத்தை நிரப்புவதால் பேஸ் (பிலிமின் பிளாஸ்டிக் அடித்தளம்) பக்கக் கீறல்கள் மறையும். படம் பதிந்திருக்கும் பூச்சான எமல்ஷனைப் பிய்த்த கீறலுக்கு அது உதவாது.

கேள்வி: சார், வீடியோவில் 50 ஃபீல்டில் எடுத்ததை 35 எம்எம் பிரிண்டாக்க வேண்டும்.

பதில்: இங்கேதான் டீஇன்டர்லேஸ் வேண்டும். நல்ல தரத்தில் 25 முழு பிரேமாக்கி, அவற்றை ஒன்றுக்கு ஒன்றாக பிலிமில் எழுதி 24-ல் ஓட்டுங்கள். ஒலியையும் 4 சதவீதம் மெதுவாக்குங்கள். இருட்டான காட்சி ஒன்று, பளிச்சென்ற காட்சி ஒன்று எடுத்து முதலில் சோதனைத் துண்டு போட்டு, பிரிண்டைத் திரையில் பார்த்த பிறகே முழுப் படத்தையும் பிலிமில் எழுதும் ரெக்கார்டருக்கு அனுப்புங்கள்.

கேள்வி: வீட்டில் எடுத்த சூப்பர் 8 சுருள்கள். சுவரில் ஓட்டி, கேமராவில் பிடித்தால் போதாதா?

பதில்: மினுக்கம்தான் மிஞ்சும். பிரேமுக்கு ஒரு படம் என்று ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள், வேகத்தை எடிட்டில் முடிவு செய்யலாம். ஒலியில்லாத சூப்பர் 8 பொதுவாக 18 பிரேம், அதற்கு முந்தைய 8 எம்எம் 16. அப்புறம், ஏதாவது சுருளில் வினிகர் வாடை வந்தால் அதை மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்து, முதல் ஆளாக ஸ்கேனுக்கு அனுப்புங்கள்.