வகுப்பில் சுகர் பார்க்க விடவில்லை என்றால்

மண்டபம் ஊரிலிருந்து கேட்ட சகோதரி, டைப் 1 சர்க்கரை நோய் உள்ள மகனை வகுப்பில் சுகர் பார்க்கவோ சாப்பிடவோ டீச்சர் விடவில்லை என்றால் வாய்ப்பேச்சோடு நிறுத்தாதீர்கள். டாக்டர் கடிதத்தை இணைத்துத் தலைமையாசிரியரிடம் மனு கொடுங்கள். மனு கிடைத்ததற்கு அடையாளமாக நகலில் பள்ளியின் கையெழுத்தும் முத்திரையும் கட்டாயம் வாங்குங்கள். இந்த வசதியைத் தரச் சொல்லி 2023-இல் தேசியக் குழந்தைகள் உரிமை ஆணையம் மாநிலங்களுக்கு எழுதியதையும் குறிப்பிடுங்கள்.

டாக்டர் கடிதத்தில் இருக்க வேண்டியது: சுகர் 70 mg/dL-க்குக் கீழ் போனால் உட்கார்ந்த இடத்திலேயே 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. தனியாக வெளியே அனுப்பவே கூடாது. மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே 108.

சுகர் குறைந்து நடுக்கமும் வியர்வையும் வந்தால் நம்ம ஊர் வெயில்தான் காரணம் என்று விட்டுவிடுவார்கள். எனக்கு அதுதான் பெரிய பயம். பி.டி. சாரிடம் நேரில் சொல்லுங்கள். கடல்காற்றில் குளுக்கோஸ் பொடி கட்டியாகிவிடும். 15 கிராமாக எடைபோட்டு, இறுக்கமாக மூடும் டப்பாவில் அவரிடம் ஒன்று, வகுப்பில் ஒன்று.