பினாங்கில் வரலாறு இளங்கலை முதலாண்டு. ராஜேந்திர சோழனின் கடாரப் (இன்றைய கெடா) படையெடுப்பு பற்றிய அசைன்மென்ட்டை எங்கிருந்து தொடங்குவது?

ஆண்டிலிருந்து தொடங்குங்கள். 1025 என்று எல்லாரும் எழுதிவிடுகிறார்கள். எந்தக் கல்லிலும் அப்படி வெட்டியிருக்கவில்லை. ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியில், அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் அரசன் புகழ் பாடும் பகுதியில், கடாரம் முதலில் வருவது 14ஆம் ஆட்சியாண்டில். இளவரசுப் பட்டம் ஏறிய 1012ஐ முதலாண்டாக வைத்து எண்ணினால் அது 1025-26. 1012உடன் 14ஐ அப்படியே கூட்டினால் ஓராண்டு தள்ளிப்போகும். ராஜராஜன் இறந்த 1014இலிருந்து எண்ணினால் 1027 ஆகிவிடும். கணக்கை அடிக்குறிப்பில் காட்டிவிடுங்கள்.

அடுத்து, தஞ்சைப் பெரிய கோயிலின் 19ஆம் ஆண்டுக் கல்வெட்டு. தென்னிந்தியக் கல்வெட்டுகள் 2ஆம் தொகுதியில் மூலமே இருக்கிறது. தமிழ் வாசிக்கத் தெரிந்த உங்களுக்கு வகுப்பில் பலருக்கும் இல்லாத வசதி இது, விட்டுவிடாதீர்கள். அதில் கடாரப் பகுதி "அலைகடல் நடுவுள் பலகலஞ் செலுத்தி" என்று தொடங்கும். கடாரத்தரசன் சங்கிராம விசையோத்துங்கவர்மனைப் பிடித்தது, அவன் நிதியையும் விச்சாதிரத் தோரணம் என்ற வாயில் தோரணத்தையும் கொண்டது, பிறகு ஊர்ப்பெயர்கள். அங்கே இருந்து ஆண்டான், வரி வாங்கினான் என்று ஒரு சொல் கிடையாது. 'கெடாவை ஆண்ட சோழன்' என்று எழுதி மதிப்பெண் போவது இங்கேதான். தமிழர் பெருமையைக் குறைக்கிறேன் என்று சிலர் கோபப்படலாம். படை போனதை நான் மறுக்கவில்லை. கல் சொல்லாததைச் சொன்னதாக எழுதக் கூடாது என்கிறேன்.

ஏன் போனான் என்பதற்கு ஆனைமங்கலச் செப்பேட்டைப் பக்கத்தில் வையுங்கள். படையெடுப்புக்குச் சுமார் 20 ஆண்டுக்கு முன், கடாரத்தரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய புத்த விகாரத்துக்கு ராஜராஜன் ஓர் ஊரின் வருவாயையே கொடுத்திருக்கிறான். அந்த அரசன் மாறவிசயோத்துங்கன். பிடிபட்டவன் வேறு ஆள். இருவரையும் ஒருவராக்கிவிடாதீர்கள். சீனத்தின் சோங் அரசுக் குறிப்புகளில் சோழத் தூதர்கள் 1015, 1033, 1077இல் வருகிறார்கள். நட்பு கெட்டதற்குச் சீன வணிகப் போட்டி காரணம் என்பது இவற்றிலிருந்து ஊகிப்பது. ஊகம் என்றே எழுதுங்கள்.

கெடாவிலுள்ள மெர்போக் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். அங்குள்ள பூஜாங் பள்ளத்தாக்கின் சண்டிகளை (பழங்கோயில்களை மலாயில் அப்படித்தான் சொல்வார்கள்) சோழர் கட்டியதாகச் சொல்லும் கல்வெட்டு எதுவும் இல்லை, அதையும் கவனியுங்கள். 2013இல் 11ஆம் எண் சண்டியை வீடமைப்புக்காக இடித்தே தள்ளினார்கள். நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. அதன் பெயரும் சுங்கை பத்துதான், இரும்பு உருக்கிய இடத்தின் பெயரும் சுங்கை பத்துதான். குறிப்பெடுக்கும்போது தள எண்ணையும் சேர்த்தே எழுதுங்கள்.