16 வயது மகளின் இன்சுலினை நிறுத்தச் சொல்ல யாருக்கு உரிமை?

முக்கூடலில் பீடி சுற்றும் ஒரு தாயின் கேள்வி இது. 16 வயது மகளுக்கு முதல் வகைச் சர்க்கரை நோய். தினமும் இன்சுலின் ஊசி. "ஊசியை நிறுத்திட்டு நாட்டு மருந்து கொடுப்போம்" என்கிறார் மாமனார். சவுதியில் இருக்கும் கணவரும் போனில் சரி என்கிறார். மகள் மறுக்கிறாள். "பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால் என் கையெழுத்து மட்டும் போதுமா? அவள் பேச்சு சட்டத்தில் எடுபடுமா?"

அம்மா, சட்டத்துக்கு முன்னால் ஒன்று: ஊசியை ஒருநாளும் நிறுத்தாதீர்கள். இந்த வகை நோயில் உடம்பு இன்சுலினைச் சுரப்பதே அநேகமாக நின்றுபோயிருக்கும். ஊசியும் நின்றால் ஓரிரு நாளிலேயே ரத்தத்தில் அமிலம் ஏறி, வாந்தி, மூச்சிரைப்பு, மயக்கம் என்று உயிருக்கே ஆபத்தாகிவிடும். வயதானவர்களின் சர்க்கரையையே பார்த்துப் பழகிய உங்கள் மாமனாருக்கு இந்த வித்தியாசம் தெரியாமல் இருக்கலாம். அவரையும் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

உங்கள் கையெழுத்து போதும். 1956-ம் வருட இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் தந்தையை முதலில் சொல்கிறது. ஆனால் 1999-ல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம், தந்தை உயிரோடு இருந்தாலும் பிள்ளையின் பொறுப்பு நடைமுறையில் அவர் கையில் இல்லை என்றால் தாயே காப்பாளராகச் செயல்படலாம் என்றது. அதே சட்டம் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பது பிள்ளையின் நலனைத்தான். அந்த நலனுக்கு எதிராகப் பெற்றவர் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டிய கட்டாயம் நீதிமன்றத்துக்கு இல்லை. பெற்றோர் இருக்கும்போது தாத்தாவுக்குத் தனி அதிகாரமும் கிடையாது.

மகள் விஷயம் சிக்கலானது. சட்டப்படி மேஜர் ஆவது 18-ல்தான் என்பதால் ஆஸ்பத்திரிகள் காப்பாளர் கையெழுத்தைக் கேட்கின்றன. குற்றவியல் சட்டமோ 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் சம்மதத்தைத்தான் பொதுவாகச் செல்லாது என்கிறது. இடைப்பட்ட வயதினர் சிகிச்சைக்குத் தாங்களே சம்மதிக்கலாமா என்பதற்கு இங்கே தெளிவான பொதுவிதி இல்லை. இங்கிலாந்தில் 1985-லேயே, விஷயம் புரிந்த பிள்ளை 16-க்குக் கீழிருந்தாலும் தானே சம்மதிக்கலாம் என்று தீர்ப்பு வந்துவிட்டது. நம்மிடம் அது இல்லாதது பெரிய குறை என்றே நினைக்கிறேன். தன் நோயைத் தினமும் தானே சுமக்கிற பிள்ளையைவிட அதை அறிந்தவர் அந்த வீட்டில் யார்? அதற்காக அவள் பேச்சு வீண் இல்லை. 1992-ல் இந்தியா ஏற்ற ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையும், 2015-ம் வருட இளைஞர் நீதிச் சட்டமும் பிள்ளையின் கருத்தைக் கேட்கச் சொல்கின்றன.

அவசரம் என்றால், உயிரைக் காக்க டாக்டர் யார் கையெழுத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-வது பிரிவு அதற்கு இடம் தருகிறது.

வீட்டில் யாராவது ஊசியைப் பிடுங்கி வைத்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் பேசுங்கள், மகளே பேசலாம். மாவட்டக் குழந்தைகள் நலக் குழு தலையிடும். பொறுப்பில் இருப்பவர் தெரிந்தே பிள்ளையைப் புறக்கணித்து வேதனைக்கு உள்ளாக்கினால் 3 வருடம் வரை சிறை உண்டு. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் இலவசம், வருமானம் பார்ப்பதில்லை.

ஆனால் அங்கே போவதற்கு முன், ஊசி ஏன் நிற்கக் கூடாது என்று டாக்டரிடம் எழுதி வாங்கி, கணவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அடுத்து அவர் கூப்பிடும்போது போனை மகளிடமும் கொடுங்கள்.