மகனின் மிடுக்கைவிட அவனுடைய பயோடேட்டாவைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

சோமனூரில் விசைத்தறி நடத்தும் நீங்கள், இயந்திரவியல் இறுதியாண்டு படிக்கும் மகனைக் குறித்து எழுதிய கடிதம் கிடைத்தது. முடி வெட்டிக்கொள்வதிலும் உடுத்துவதிலும் அவன் காட்டும் மோஸ்தரையும், பெரியவர்கள் நடுவில் தயங்காமல் பேசுவதையும் பார்த்து, திமிர் ஏறிவிட்டதோ, வளாக நேர்காணலில் அதுவே வாய்ப்பைக் கெடுத்துவிடுமோ என்று அஞ்சுகிறீர்கள். அடங்கி நடப்பதே நல்ல பிள்ளைக்கு அடையாளம் என்று சொல்லி வளர்க்கும் நம் கொங்குக் குடும்பங்களில் இந்த அச்சம் இயல்பானதுதான். ஆனால் நீங்கள் சொன்னவற்றில் எதுவும் எனக்குக் கவலை தரவில்லை. கடிதத்தின் முடிவில், அவன் தன் பயோடேட்டாவில் 'சி.என்.சி. இயந்திரங்களில் (கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் இயந்திரங்களில்) நிபுணர்' என்று போட்டிருப்பதாகப் பெருமையுடன் குறிப்பிட்டிருக்கிறீர்களே, அதுதான் கவலை தருகிறது.

மிடுக்கானவன் தான் செய்ததை எடுப்பாகச் சொல்கிறான். தம்பட்டம் அடிப்பவன் செய்யாததையும் சேர்த்துச் சொல்கிறான். முதல் சில நிமிடங்களில் இருவரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். கோவைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் மாதிரி நேர்காணலில், லேத் என்ற கடைசல் இயந்திரத்தில் ஷாஃப்ட் என்ற உருளைத் தண்டைக் கடைந்த புராஜெக்ட்டைப் பற்றி இரண்டு மாணவர்களிடம் கேட்டேன். ஒருவன் ஐந்து மைக்ரான் துல்லியத்தில் கடைந்ததாகச் சொன்னான். எதில் அளந்தாய் என்றதும், சற்றும் யோசிக்காமல் 'வெர்னியர்லதான் சார்' என்றான். சாதாரண வெர்னியர் அளவுகோலின் மீச்சிற்றளவு, அதாவது அதில் பார்க்கக்கூடிய மிகச் சிறிய அளவு, 0.02 மில்லிமீட்டர், அதாவது இருபது மைக்ரான்; அதை வைத்து ஐந்து மைக்ரானைப் பார்க்கவே முடியாது. அடுத்து வந்தவன் ஆடை, நடை, குரல் எல்லாவற்றிலும் முதலாமவனைவிடப் பகட்டானவன். ஆனால் அதே கேள்விக்கு, 'மைக்ரோமீட்டர்ல அளந்தோமுங்க சார், 0.01 மில்லிமீட்டர் வரைக்கும்தான் சொல்ல முடியும், அதுக்குக் கீழ எங்க லேப்ல வசதி இல்லீங்க' என்று சிரித்த முகத்துடன் பதில் சொன்னான். தன் அளவு எங்கே முடிகிறது என்று தெரிந்தவனின் துணிச்சல் அது. அவனுடைய பகட்டு யார் கண்ணையும் உறுத்தவில்லை.

உங்கள் தொழிலிலேயே இதைப் பார்த்திருப்பீர்கள். துணியின் பளபளப்பை வியாபாரி ரசிக்கத்தான் செய்வார். ஆனாலும் லென்ஸை வைத்து ஓர் அங்குலத்துக்குப் பாவு நூல் (நீள இழை) எத்தனை, ஊடை நூல் (குறுக்கு இழை) எத்தனை என்று எண்ணி, சொன்ன கணக்கோடு ஒத்துப்போனால்தான் விலை பேசுவார். நேர்காணல் நடத்துபவரின் வேலையும் அதுதான்.

மிடுக்கு நம் மண்ணுக்குப் புதிதும் அல்ல. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தோடு தொழிலைத் தொடங்கிய ஜி.டி. நாயுடு, அடங்கிய பேச்சுக்குப் பெயர்போனவர் அல்லர். ஆனால் அவர் பேசியபோது, கையிலெடுத்துப் பார்க்க அவர் உருவாக்கிய ஒரு மின்சவரக் கருவியாவது எதிரே இருந்தது.

ஆகவே அவனுடைய தலைமுடியோடு சண்டை போடாதீர்கள். நேர்காணலுக்கு முந்திய வாரத்தில் பிள்ளையைக் கூனிக் குறுக வைத்தால், உண்மையாகச் செய்ததைக்கூட வாய்க்குள் மென்று விழுங்கிவிடுவான். இன்னொன்றையும் மனம் நோகாமல் கேட்டுக்கொள்ளுங்கள்: வேலை உறுதியாகும் முன்பே கல்யாண வீடுகளில் மகனின் சம்பளத்தைச் சொல்லிக்கொள்ளும் பெற்றோரின் பிள்ளைகள்தான் பெரும்பாலும் பயோடேட்டாவில் 'நிபுணர்' ஆகிறார்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பயோடேட்டாவின் ஒவ்வொரு வரியையும் அவனை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, 'இதை நீ எப்படிச் செஞ்ச, எதுல தப்பு வந்துச்சு, கூட்டாளிக என்ன செஞ்சாங்க' என்று கேளுங்கள். உங்களுக்கு இயந்திரவியல் தெரியாதது நல்லதுதான். விளங்கும்படி சொல்ல வேண்டிய கட்டாயம் அவனுக்கு வரும். தடுமாறும் வரிகளைப் பென்சிலால் குறித்து, 'நிபுணர்' என்ற இடத்தில் எந்த இயந்திரத்தில் எந்த வேலையைச் செய்தான் என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள். திருத்திய படியை எனக்கு அனுப்பினால், அடுத்த வாரம் அவனோடு நேரில் உட்கார்ந்து பேசுகிறேன்.