செயலியை விற்க முன் நண்பரிடம் கையெழுத்து வாங்குங்கள்

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். டச்சு பே கடற்கரையில் காலையில் ஓடப் போகிறவர்களுக்காக நண்பரோடு சேர்ந்து 2020இல் ஓர் உடற்பயிற்சிச் செயலி செய்தார், 2021இல் கம்பனியாகப் பதிந்தார். பங்கு இவருக்கு 50 வீதம், கோட் (கணினி நிரல்) எழுதிய நண்பருக்கு 30, பணம் போட்ட கனடா சித்தப்பாவுக்கு 20. நண்பர் இப்போது மெல்பேர்னில். இரண்டு வருடத்தில் நல்ல விலைக்கு விற்றுவிட்டு வெளியேற வேண்டும், இப்பவே என்ன செய்யலாம் என்று கேட்கிறார்.

தம்பி, விலையை அப்புறம் பேசலாம். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது ஒரே ஒரு வரி: "கோட் முழுக்க, கோட் சேமிக்கும் கிட்ஹப் தளத்தில் அவனுடைய கணக்கில்தான் இருக்கு, பிளே ஸ்டோரும் அவனுடைய ஜிமெயிலில்தான்." வாங்க வருகிறவரின் சட்டத்தரணி முதலில் கேட்பதே இந்தக் கோட் யாருடையது என்றுதான். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி கணினி நிரலுக்கும் பதிப்புரிமை உண்டு, சம்பளத்துக்கு வேலை செய்பவர் வேலையின் பகுதியாக எழுதியதென்றால் வேறு உடன்பாடு இல்லாதவரை உரிமை முதலாளிக்குப் போகும், ஆனால் உங்கள் நண்பர் சம்பளம் வாங்கியதில்லை, பாதிக் கோட் கம்பனி பிறக்கும் முன்பே எழுதியது. பங்கு வைத்திருக்கிறார் என்பதற்காகக் கோட் கம்பனிக்கு வந்துவிடாது. உரிமையைக் கம்பனிக்கு மாற்றுவதாக எழுத்தில் ஒப்பந்தம் செய்து இரண்டு தரப்பும் கையெழுத்து வைக்க வேண்டும். அதே வாரம் கிட்ஹப்பையும் பிளே ஸ்டோரையும் கம்பனி மின்னஞ்சலுக்கு மாற்றுங்கள்.

சரி, வாக்குக் கணக்கு. கம்பனியின் சொத்தில் பாதிக்கு மேல் பெறுமதியானதை விற்பதென்றால், 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க கம்பனிகள் சட்டத்தின் 185ஆம் பிரிவு விசேட தீர்மானம் கேட்கிறது, அதாவது அளிக்கப்படும் வாக்குகளில் 75 வீதம். நீங்களும் சித்தப்பாவும் சேர்ந்தாலே 70தான், நண்பர் எதிர்த்தால் விற்பனை நின்றுவிடும். செயலியை விடுத்துப் பங்குகளை விற்கலாம், ஆனால் வாங்குகிறவர் பெரும்பாலும் முழுப் பங்கையும்தான் கேட்பார். ஆகவே இப்பவே பங்குதாரர் ஒப்பந்தம் ஒன்று எழுதுங்கள்: பெரும்பான்மை விற்றால் மற்றவரும் அதே விலைக்கு விற்க வேண்டும், வெளியாளுக்கு விற்க முன் உங்களுக்குள் கேட்க வேண்டும் என்ற இரண்டு விதியும் அதில் கட்டாயம் இருக்கட்டும்.

சித்தப்பாவின் பணம் உள்முக முதலீட்டுக் கணக்கு (வெளிநாட்டிலிருந்து முதலீடு செய்பவர்கள் இங்குள்ள வங்கியில் திறக்கும் கணக்கு) வழியாக வந்ததா, உங்கள் சொந்தச் சேமிப்புக் கணக்குக்கு வந்ததா? இரண்டாவது என்றால் விற்ற காசை அவருக்குத் திருப்பி அனுப்பும்போது வங்கியில் இழுபடுவீர்கள், இப்பவே வங்கி முகாமையாளரைப் பாருங்கள். பயனர்களின் எடை, இதயத் துடிப்பு எல்லாம் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் விசேட வகைத் தரவு, அவர்கள் தந்த சம்மதத்தை யாருக்கும் காட்டக்கூடிய மாதிரிப் பத்திரப்படுத்துங்கள். ஊழியர் சேமலாப நிதி பாக்கி இருந்தால் கட்டி முடியுங்கள்.

கடைசியாக ஒன்று, மனதாரச் சொல்கிறேன். விற்கும் எண்ணத்தை மறைத்து நண்பரிடம் கையெழுத்து வாங்காதீர்கள், பின்னால் ஏமாற்றினார் என்று வழக்குப் போட அதுவே போதும். இந்த வாரமே மெல்பேர்னுக்கு அழைத்து, 30 வீதத்துக்கு என்ன வரும் என்பதையும் சொல்லிப் பேசுங்கள், அவருக்கென்று தனியாக ஒரு சட்டத்தரணியும் பார்க்கட்டும்.