நுகர்வோர் கேள்வி-பதில்: பெடலிலிருந்து காலை எடுத்த பின்னும் விடாத பிரேக்

கேள்வி: பழைய காரில் முன் பிரேக் லேசாகத்தான் ஒட்டுகிறது. பொங்கல் வரை ஓட்டலாமா? (வாசகர், ராணிப்பேட்டை)

பதில்: கூடாது, ஒட்டும் பிரேக் சூடேறும், அந்தச் சூட்டில் பிரேக் ஆயில் கொதித்துவிட்டால் பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது.

கேள்வி: என்னுடையது 2004ஆம் ஆண்டு மாருதி 800. காட்பாடியிலிருந்து ஆற்காடு போவதற்குள் முன்பக்க இடது சக்கரம் கொதிக்கிறது, வண்டியும் இடப்பக்கம் இழுக்கிறது. பட்டறையில் பேடு, டிஸ்க், காலிப்பர் (சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் மீது பேடை அழுத்தும் பாகம்) என மூன்று முறை மாற்றியும் பயனில்லை. (வாசகர், காட்பாடி)

பதில்: மூன்று முறை பணம் வாங்கியவர்கள் ஒரு முறைகூடச் சோதிக்கவில்லை என்று தெரிகிறது, இதில் உங்கள் மீது தவறில்லை. பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, பிரேக்கை மிதித்து விட்ட பிறகு சக்கரத்தைக் கையால் சுற்றச் சொல்லுங்கள். இறுகியிருந்தால், காலிப்பரில் உள்ள பிளீடிங் நிப்பிளை (ஆயிலை வெளியே விடும் சிறு திருகை) சற்றே தளர்த்த வேண்டும். அப்போதும் சக்கரம் விடாவிட்டால் பேடைத் தள்ளும் பிஸ்டனோ, காலிப்பர் நகரும் பின்னோ துருவேறிச் சிக்கியிருக்கிறது. ஆயில் பீறிட்டு உடனே விட்டால், அழுத்தம் திரும்ப வழியின்றி அடைபட்டிருக்கிறது. புதுக் காலிப்பரும் ஒட்டுகிறது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது காலிப்பருக்கு ஆயில் கொண்டுபோகும் ரப்பர் ஓஸைத்தான். வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே ரப்பர் உப்பிவிட்டால், மிதிக்கும் வேகத்தில் ஆயில் உள்ளே போகுமே தவிர, காலை எடுத்ததும் திரும்பி வராது. இரண்டு முன் சக்கரங்களும் ஒட்டினால் மட்டும் பெடலை மிதித்ததும் ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையும், பெடலின் விளையாட்டையும் (பிரேக் பிடிக்கும் முன் பெடல் சும்மா நகரும் அளவு) பார்க்க வேண்டும்.

எனக்கும் இது பட்டுத் தெரிந்த பாடம்தான். ஆற்காட்டில் மலிவாக வாங்கிய காருக்கு, நன்றாக இருந்த காலிப்பர்கள் இரண்டைக் காயலான் கடையில் எடைக்குப் போட்ட பிறகே ஓஸை மாற்றினேன்.

பட்டறைக்காரர்களிடம் எனக்குள்ள தீராத குறை ஒன்று உண்டு: கழற்றிய பாகத்தைக் காட்டமாட்டார்கள், கேட்டால் முகம் சுளிப்பார்கள், பில்லுக்குப் பதிலாகத் துண்டுச் சீட்டில் மொத்தத் தொகையை மட்டும் கிறுக்கித் தருவார்கள். கழற்றியது உங்கள் காசில் வாங்கிய பொருள். வேலை தொடங்கும் முன்பே அதைத் திருப்பித் தரும்படி சொல்லிவிட்டு, பாகத்தின் விலையும் கூலியும் தனித்தனியாக எழுதிய பில்லைப் பெறுங்கள். பில் இருந்தால் சேவைக் குறைபாடு என்று இரண்டு ஆண்டுகளுக்குள் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. முதலில் 1915 என்ற உதவி எண்ணிலும் முறையிடலாம்.

கேள்வி: பிரேக் ஆயில் குறைந்ததால் வீட்டில் இருந்த என்ஜின் ஆயிலை ஊற்றினேன். இரண்டு முன் சக்கரங்களும் இறுகிவிட்டன. ஆயிலை வடித்தால் போதுமா? (வாசகர், ஆம்பூர்)

பதில்: போதாது. என்ஜின் ஆயில் பட்டால், பிரேக் ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீல்கள் உப்பிவிடும். மாஸ்டர் சிலிண்டர், ஓஸ் முதல் நான்கு சக்கரங்களின் பிரேக் சீல்கள் வரை ரப்பர் அத்தனையும் மாற்ற வேண்டும். எந்த ஆயில் ஊற்ற வேண்டும் என்று பெரும்பாலும் பிரேக் ஆயில் தொட்டியின் மூடியிலேயே எழுதியிருக்கும். படிக்காமல் ஊற்றியவர் செலவைப் பற்றிக் குறைப்பட்டு என்ன பயன்? வண்டியை வேறொரு வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள், ஓட்டாதீர்கள்.

கேள்வி: கழற்றிய பழைய ஓஸும் காலிப்பரும் பாதி விலைக்குக் கிடைக்கின்றன. வாங்கலாமா? (வாசகர், குடியாத்தம்)

பதில்: ஓஸ் வேண்டாம், அதன் கேடு கண்ணுக்குத் தெரியாது. காலிப்பரைக் கடையிலேயே பிரித்து, பிஸ்டனை நகத்தால் தடவிப் பாருங்கள். துருக்குழி தட்டுப்படாவிட்டால் புது சீல் போட்டுப் பயன்படுத்தலாம். பிரித்துக் காட்ட மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.